ஜெனீவா உடன்படிக்கையைப் பாளையங்கோட்டையில் பழகுவது எப்படி?

கேள்வி இது: “திருநெல்வேலியில் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சர்வதேச மனிதாபிமானச் சட்டம் பாடமாக வந்தது, பிடித்துப் போய்விட்டது. ஆனால் அதில் செயல்முறை அனுபவம் வேண்டுமென்றால் டெல்லிக்கோ ஜெனீவாவுக்கோ போனால்தான் உண்டு என்கிறார்கள். ஊரில் இருந்துகொண்டே எதுவும் செய்ய முடியாதா, சார்?”

முடியும். பாளையங்கோட்டையில் வழக்கறிஞராகத் தொழில் செய்துகொண்டே, போரில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று வகுக்கும் இந்தச் சட்டத்தைப் பல ஆண்டுகளாக மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தும் போட்டிகளுக்குத் தயார் செய்தும் வருகிறவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். ஆனால் ‘செயல்முறை’ என்ற சொல்லுக்கு நம் நீதிமன்ற வளாகத்தில் உள்ள பொருளை வைத்துக்கொண்டு தேடினால், ஜெனீவாவுக்கே போனாலும் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஜாமீன் மனுவையும் உறுத்துக்கட்டளை வழக்கையும் போல நாள்தோறும் மனு எழுதி, வாதாடி, உத்தரவு வாங்கிக் கைவரப்பெறுகிற சட்டம் அல்ல இது.

காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. 1949 ஆகஸ்ட் 12 அன்று உருவான நான்கு ஜெனீவா உடன்படிக்கைகளையும் இந்தியா 1950-இல் ஏற்றுக்கொண்டது. அவற்றுக்காக 1960-இல் ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றியது. அதன் 3-ஆம் பிரிவு, உடன்படிக்கைகளின் பாதுகாப்புக்கு உட்பட்ட ஒருவரை வேண்டுமென்றே கொல்வதற்கு மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனையும், மற்றக் கடும் மீறல்களுக்கு 14 ஆண்டுகள் வரை சிறையும் விதிக்கிறது. ஆனால் 17-ஆம் பிரிவின்படி அரசோ, மத்திய அரசு அறிவிக்கை செய்த அதிகாரியோ புகார் கொடுத்தாலன்றி எந்த நீதிமன்றமும் அந்தக் குற்றத்தை விசாரணைக்கு எடுக்க முடியாது. கோவா இந்தியாவுடன் சேர்ந்தபின் இந்தியக் குடியுரிமையை மறுத்த மொன்தேரோ என்ற பாதிரியாரின் மேல்முறையீட்டில், இந்தச் சட்டம் உடன்படிக்கைகளை அமல்படுத்தக் கோரும் வழக்குரிமையைத் தனி ஒருவருக்குத் தரவில்லை என்று உச்ச நீதிமன்றம் 1969-இல் சொல்லிவிட்டது. ஆகவே இந்தச் சட்டத்தை அன்றாடம் கையாளுகிறவர்கள் பெரும்பாலும் நீதிமன்றத்துக்கு வெளியே இருக்கிறார்கள்: படைத்தளபதிக்கு ஆலோசனை சொல்லும் சட்ட அதிகாரி, சிறையைப் பார்வையிடும் செஞ்சிலுவைப் பிரதிநிதி, உண்மை அறியும் குழுவின் விசாரணையாளர், வாக்குமூலத்தை மொழிபெயர்ப்பவர். அரைகுறையாகக் கிடைத்த தகவல்களை வகைபிரித்து, அவற்றுக்குச் சட்டத்தில் உள்ள பெயரைச் சூட்டி, அதிகாரம் கையில் உள்ளவர் காது கொடுக்கும்படி எடுத்துச் சொல்வதே இவர்கள் எல்லோருக்கும் பொதுவான வேலை. இதைப் பழக ஊர் தடையில்லை.

முதல் பயிற்சிக்கு ஒரு மாவட்ட வரைபடம் போதும். கற்பனையான இரண்டு நாடுகளுக்கிடையே போர் நடப்பதாகவும், நம் மாவட்டம் அதில் சிக்கிக்கொண்டதாகவும் வைத்துக்கொண்டு, எவையெல்லாம் சட்டப்படி தாக்கத்தக்க இராணுவ இலக்குகள், எவை அல்ல என்று குறியுங்கள். ஜெனீவா உடன்படிக்கைகளோடு சேர்க்கப்பட்ட 1977-ஆம் ஆண்டின் முதலாம் கூடுதல் நெறிமுறையின் 52-ஆம் பிரிவு இரண்டு சோதனைகளை வைக்கிறது. ஓர் இடம் தன் இயல்பாலோ, அமைவிடத்தாலோ, நோக்கத்தாலோ, பயன்பாட்டாலோ படை நடவடிக்கைக்குப் பயனுள்ள பங்களிப்பைச் செய்ய வேண்டும்; அதை அழிப்பது அந்த நேரத்துச் சூழலில் திட்டவட்டமான படைசார் அனுகூலத்தைத் தர வேண்டும். இந்தியா இந்த நெறிமுறையில் சேரவில்லை. இருந்தாலும் இந்தச் சோதனை வழக்காற்றுச் சட்டமாகவும், அதாவது நாடுகளின் நடைமுறையால் உருவாகி ஒப்பந்தத்தில் சேராதவர்களையும் கட்டுப்படுத்தும் சட்டமாகவும், நிலைபெற்றுவிட்டது. சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு 2005-இல் வெளியிட்ட 161 வழக்காற்று விதிகளில் இதுவும் உண்டு.

விஜயநாராயணத்தில் உள்ள கடற்படைத் தொலைத்தொடர்பு நிலையத்தை எல்லா மாணவர்களும் முதல் நிமிடத்திலேயே சிவப்பு மையால் வட்டமிட்டுவிடுவார்கள், அது சரிதான். அங்கே காலையில் பால் ஊற்றப் போகிறவரைப் பற்றிக் கேட்டால்தான் தடுமாற்றம் தொடங்கும். அவர் பொதுமக்களில் ஒருவர். நிலையத்துக்குள் நிற்பதால் ஆபத்துக்கு ஆளாகிறாரே தவிர இலக்காகிவிடுவதில்லை. தாக்குதலின் விகிதாசாரத்தை, அதாவது கிடைக்கும் படைசார் அனுகூலத்தைவிடப் பொதுமக்களின் இழப்பு மிகையாகுமா என்பதை, கணக்கிடும்போது அவர் உயிரும் கணக்கில் வர வேண்டும். அடுத்து மகேந்திரகிரியின் இஸ்ரோ வளாகம். ராக்கெட் எஞ்சின் சோதனை நடக்கிற இடம் என்பதாலேயே அது இராணுவ இலக்காகிவிடுமா, அதற்கு எந்தத் தகவல் வேண்டும், அந்தத் தகவல் இல்லாதபோது ஐயத்தின் பலன் எந்தப் பக்கம் சாயும் என்று வாதாட வைத்தால் ஒரு மாலைப்பொழுது போதாது.

கூடங்குளம் இதைவிட நுணுக்கமானது. தலா 1000 மெகாவாட் திறனுள்ள இரண்டு அலகுகள் மின்சாரம் தருகிற அந்த நிலையத்தை, ஒருவேளை அது இராணுவ இலக்காகவே ஆனாலும், கதிரியக்கம் வெளிப்பட்டு மக்களுக்குப் பேரிழப்பு நேருமென்றால் தாக்கக் கூடாது என்கிறது கூடுதல் நெறிமுறையின் 56-ஆம் பிரிவு; அதற்குக் குறுகிய விதிவிலக்குகளும் வைத்திருக்கிறது. வழக்காற்று விதியோ ‘தனிக் கவனம்’ எடுக்க வேண்டும் என்ற அளவில் நின்றுவிடுகிறது. நெறிமுறையில் சேராத நாட்டைக் கட்டுப்படுத்துவது இந்த இரண்டில் எது என்பது ஏட்டளவுக் கேள்வி அல்ல. இந்தியாவும் பாகிஸ்தானும் ஒன்றின் அணு நிலையங்களை மற்றொன்று தாக்குவதில்லை என்று 1988 டிசம்பர் 31-இல் தனி ஒப்பந்தமே செய்துகொண்டு, ஆண்டுதோறும் ஜனவரி 1-ஆம் தேதி தங்கள் அணு நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. பாடப்புத்தகத்தில் மூன்று வரியில் கடந்துபோகிற இந்தச் செய்தி, ராதாபுரம் வட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னால் உடனே பிடிபடுகிறது.

அதே 56-ஆம் பிரிவில் அணைகளும் வருகின்றன. பாபநாசம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி என்று செய்தித்தாளில் தினமும் நீர்மட்டம் பார்க்கிற ஊர் இது. 2023 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட எவருக்கும், மேலே உள்ள நீர் கட்டுப்பாடின்றிக் கீழே வந்தால் என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

பயிற்சியை மூன்று பேராகச் செய்யுங்கள். ஒருவர் தளபதியின் சட்ட ஆலோசகர், ஒருவர் செஞ்சிலுவைப் பிரதிநிதி, ஒருவர் மாவட்ட நிர்வாகம். தாமிரபரணியின் குறுக்கே உள்ள சுலோச்சன முதலியார் பாலத்தின் வழியே எதிரிப் படையின் வண்டிகள் போகின்றன, பாலத்தைத் தகர்க்கலாமா என்று ஆலோசகரிடம் கேளுங்கள். அரை மணி நேரம் மட்டும் கொடுங்கள். அவர் பதிலை எழுதி முடிக்கப்போகும் நேரத்தில், படை வண்டிகள் இரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையேதான் கடக்கின்றன என்ற புதுத் தகவலை நுழையுங்கள். தாக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுப்பதும் 57-ஆம் பிரிவு சொல்கிற முன்னெச்சரிக்கையில் அடங்கும் என்பதை அந்தக் கணத்தில் கற்றவர் பிறகு மறப்பதில்லை. நெல்லையப்பர் கோயிலுக்கு வரும்போது 1954-ஆம் ஆண்டின் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்பு உடன்படிக்கையையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் இந்தியா சேர்ந்திருக்கிறது.

இரண்டாவது வேலை வீதியில் இருக்கிறது. வண்ணார்பேட்டையிலிருந்து ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி வரை நடந்து போய், வெள்ளைப் பின்னணியில் சிவப்புச் சிலுவை போட்ட மருந்துக் கடைப் பலகை, கிளினிக், தனியார் ஆம்புலன்ஸ், கார் கண்ணாடி ஒட்டுவில்லை ஆகியவற்றை இடமும் தேதியும் குறித்துப் பதிவு செய்யுங்கள். அந்தச் சின்னம் மருத்துவத்தின் பொது அடையாளம் அல்ல. போரில் படைகளின் மருத்துவப் பணியாளர்களையும் வண்டிகளையும், அரசின் அனுமதி பெற்ற மருத்துவமனைகளையும் காப்பதற்காகவும், செஞ்சிலுவை அமைப்புகளை அடையாளம் காட்டுவதற்காகவும் ஒதுக்கப்பட்டது. மத்திய அரசின் ஒப்புதலின்றி அதைப் பயன்படுத்துவதை 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு தடை செய்கிறது. 13-ஆம் பிரிவு 500 ரூபாய் வரை அபராதமும் பொருள் பறிமுதலும் விதிக்கிறது. இன்று 500 ரூபாயைக் கண்டு எந்தக் கடைக்காரரும் அஞ்சப்போவதில்லை என்பது வேறு விஷயம்.

நான் அழைத்துப்போன மாணவர்களிடம் ஒரு கடைக்காரர், “ஆஸ்பத்திரின்னா இதுதானே அடையாளம், வேற என்னத்தப் போட?” என்று கேட்டார். அவரிடம் கெட்ட எண்ணம் இல்லை. சின்னம் ஊரெங்கும் மலிந்துபோனால், போர்க்களத்தில் அதைப் பார்த்துச் சுடாமல் நிற்க வேண்டியவனுக்கு அதன் பொருள் மங்கிப்போகும் என்பதை ஐந்து நிமிடத்தில், கோபப்படாமல், சட்டப் பிரிவு எண்ணை முதலில் சொல்லாமல் அவருக்குப் புரியவைக்க வேண்டும். பலகையின் நிறத்தை அவர் தாமாகவே மாற்றிக்கொண்டால், சட்டத்தை மதிக்கச் செய்வது என்று உடன்படிக்கைகளின் முதல் பிரிவு பேசுகிறதே, அந்த வேலையின் சின்னஞ்சிறு உருவத்தை நீங்கள் செய்துவிட்டீர்கள் என்று பொருள். பதிவுகளைத் தொகுத்துச் செஞ்சிலுவைச் சங்கத்தின் மாவட்டக் கிளைக்கும், உங்கள் கல்லூரியின் இளைஞர் செஞ்சிலுவைப் பொறுப்பாசிரியருக்கும் கொடுங்கள். கடைக்காரர்களின் பெயரை அறிக்கையில் சேர்க்க வேண்டாம்.

போட்டிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவற்றைப் பற்றி எல்லோருமே சொல்வார்கள். ஹென்றி டுனான்ட் நினைவு மாதிரி நீதிமன்றப் போட்டியைச் சர்வதேசச் செஞ்சிலுவைக் குழுவின் டெல்லி அலுவலகமும் இந்தியச் சர்வதேசச் சட்டச் சங்கமும் சேர்ந்து நடத்திவருகின்றன; தேசியச் சுற்றில் வென்றவர்கள் தெற்காசியச் சுற்றுக்குப் போவார்கள். இரு தரப்புக்கும் மெமோரியல் (எழுத்துமூல வாதம்) எழுத வேண்டியிருப்பதே அதன் பெரிய பயன். 1989-இல் தொடங்கிய ழான் பிக்தே போட்டி வேறு வகை: மெமோரியல் கிடையாது, மூன்று பேர் கொண்ட அணி ஒரு வாரம் முழுவதும் கற்பனைப் போர் ஒன்றுக்குள் வாழ்ந்து, இன்று செஞ்சிலுவைப் பிரதிநிதியாகவும் நாளை படையின் சட்ட ஆலோசகராகவும் மாறிமாறிப் பேச வேண்டும். பயணச் செலவு பெரிது. நான் மேலே சொன்ன பாலப் பயிற்சி அதன் ஏழை வீட்டுத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, எல்லோரும் என்னிடம் முதலில் கேட்பதும் நான் கடைசியாகச் சொல்வதுமான ஒன்று: இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள். 2021-இல் அரசு பெயரை மாற்றும்வரை அவை அகதிகள் முகாம்கள் என்றே வழங்கின. இரண்டு சட்டங்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அகதிகள் சட்டம் வேறு, மனிதாபிமானச் சட்டம் வேறு; 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா சேரவும் இல்லை. ஆனால் நான்கு உடன்படிக்கைகளுக்கும் பொதுவான 3-ஆம் பிரிவு பேசுகிற உள்நாட்டுப் போரைத் தாங்களே கடந்து வந்தவர்கள் பேருந்து தொலைவில் வாழ்கிறார்கள் என்பதும் உண்மை.

முதன்முறை நாங்கள் போனபோது தவறு செய்தோம். அச்சடித்த வினாத்தாளோடு ஆறு மாணவர்கள் போனார்கள். காணாமல் போன உறவினர் உண்டா, எந்த ஆண்டு, எந்த இடம் என்று வரிசையாகக் கட்டங்கள். ஓர் அம்மா எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, “இதை எழுதிக்கொண்டு போய் என்ன செய்யப் போறியள், தம்பி?” என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. அந்தத் தாள்களை அன்றே நான் கிழித்திருக்க வேண்டும்; அதையும் ஒரு வாரம் கழித்துத்தான் செய்தேன்.

கிழித்ததற்குச் சட்டக் காரணமும் உண்டு. செஞ்சிலுவைக் குழு தன் பணியில் அறிந்ததை வெளியிடாமல் இருக்கும் உரிமை உடையது என்று யூகோஸ்லாவியாவுக்கான சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயம் 1999-இல், சிமிச் வழக்கில் ஏற்றுக்கொண்டது. ஒரு சட்ட மாணவரின் குறிப்பேட்டுக்கு அப்படி எந்தப் பாதுகாப்பும் இல்லை. யாராவது கேட்டால் கொடுத்தாக வேண்டிய நிலை வரலாம். அதில் உள்ள பெயர்கள் கடலுக்கு அப்பால் உள்ள ஒருவருக்கு ஆபத்தாகலாம். எழுதாமல் இருக்கத் தெரிந்துகொள்வது இந்தத் துறையின் அடிப்படைத் திறன்களில் ஒன்று. கல்லூரியில் இதை எங்கும் கற்றுத்தருவதில்லை.

ஆகவே முகாமுக்குப் போவதென்றால் முறைப்படி அனுமதி பெற்று, ஓர் வழக்கறிஞரின் மேற்பார்வையில், சட்ட உதவிக்காக மட்டும் போங்கள். போரைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். அங்கே கண்முன் நிற்கும் கேள்விகள் பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, குடியுரிமை போன்றவை. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-இல் உத்தரவிட்டது; 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்ற குடியுரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவே அதற்கு அடிப்படை. ஒரு தேதியைச் சரியாகப் படித்ததால் ஒரு வாழ்க்கை மாறுகிறது. இப்படிப் பயனுள்ள ஒன்றைச் செய்துகொடுத்தபின், பிரிந்த உறவினரைத் தேடுவது பற்றி அவர்களே கேட்பார்கள். அப்போது செஞ்சிலுவையின் குடும்பத் தொடர்புச் சேவை எப்படி இயங்குகிறது, 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இலங்கையில் அமைந்த காணாமல் போனோர் அலுவலகம் என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெளிவாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். ‘பார்த்துச் சொல்கிறேன்’ என்ற சொல்லைச் சொல்லவே கூடாது.

சான்றுகளைச் சரிபார்க்கும் பயிற்சிக்கும் போர்க் காணொளிகளோடு தொடங்க வேண்டியதில்லை. இருபது வயதில் தொடர்ந்து அவற்றைப் பார்ப்பது மனதுக்கு நல்லதும் அல்ல. நம் வெள்ளக் காணொளிகளை எடுத்துக்கொள்ளுங்கள். குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்கியிருப்பதாகச் சுற்றும் ஒரு காணொளி 2023 டிசம்பரில் எடுக்கப்பட்டதா, அதற்கு முந்தைய வெள்ளத்திலா? நீர் எந்தப் படி வரை நிற்கிறது, எந்தக் கரையிலிருந்து எடுத்தது, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது? ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகமும் பெர்க்லி பல்கலைக்கழகமும் இணையத்தில் கிடைக்கும் சான்றுகளைச் சரிபார்ப்பதற்காக 2020-இல் வெளியிட்ட பெர்க்லி நெறிமுறை கேட்பதும் இதே கேள்விகளைத்தான். கூடவே, பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவு மின்னணுப் பதிவுக்குக் கேட்கிற சான்றிதழையும், அதில் எழுத வேண்டிய ஹாஷ் மதிப்பையும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடு) நிரப்பிப் பாருங்கள். இது நாளை மாவட்ட நீதிமன்றத்திலும் சோறு போடும்.

மொழியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நம்மவர்கள் ஆங்கிலத்தில் மெமோரியல் எழுதுவதையே திறமை என்று எண்ணிக்கொண்டு, கையில் இருக்கும் தமிழைக் கவனிப்பதில்லை. இந்தச் சட்டத்தில் ஒரு சொல் தவறினால் பாதுகாப்பே தவறிவிடும். போரில் ஈடுபடாதவரைக் ‘குடிமக்கள்’ என்று மொழிபெயர்க்கும் வழக்கம் நம்மிடம் உண்டு; குடியுரிமை இல்லாதவர் அந்தச் சொல்லுக்கு வெளியே விழுந்துவிடுகிறார், நான்காம் உடன்படிக்கையோ முதன்மையாக அயலாரைக் காக்கவே எழுதப்பட்டது. ‘பொதுமக்கள்’ என்பது குறைந்த தீங்குள்ள சொல். ‘போராளி’ என்றால் மெச்சுதல் ஒட்டிக்கொள்கிறது. சட்டம் குறிப்பது ‘போரிடுபவர்’ என்ற நிலையை மட்டுமே. ‘காணாமல் போனோர்’ என்பதும் ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்பதும் ஒன்றல்ல. இரண்டாவது சொல் ஒரு செயலையும், அதைச் செய்தவர் ஒருவரையும் உள்ளே வைத்திருக்கிறது. வாக்குமூலம் தருபவர் முதல் சொல்லைச் சொல்லியிருக்க, நீங்கள் இரண்டாவதை எழுதினால் அது மொழிபெயர்ப்பு அல்ல, குற்றச்சாட்டு. மாற்றி எழுதினாலோ மூடிமறைப்பு. மட்டக்களப்புப் பேச்சையும் யாழ்ப்பாணப் பேச்சையும் நெல்லைக் காதால் பிழையின்றிக் கேட்டு எழுதத் தெரிந்த சட்டப் பட்டதாரி எங்கும் எளிதில் கிடைக்க மாட்டார். நான்காம் உடன்படிக்கையை வாரம் நான்கு பிரிவாகத் தமிழில் எழுதிப் பார்க்கத் தொடங்குங்கள்; 159 பிரிவுகள், ஓராண்டுக்குள் முடிந்துவிடும், அவசரம் இல்லை.

படிப்பு விதிகளையும் கணக்கில் வையுங்கள். பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு விதிகளின்படி ஐந்தாண்டுப் படிப்புக்கு மொத்தம் 20 வாரப் பயிற்சி தேவை. ஓர் ஆண்டில் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் கூடாது. தொண்டு நிறுவனங்களில் செய்யும் பயிற்சியும் ஏற்கப்படும். ஒரு நான்கு வாரத்தை, முகாம்களில் நீண்ட காலமாகப் பணியாற்றும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் போன்ற அமைப்பில் கேட்டுப் பாருங்கள். இன்னொன்றை மதுரைக் கிளையில் குடியுரிமை வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் ஒருவரிடம் கழியுங்கள். டெல்லிக்குப் போக வாய்த்தால், உச்ச நீதிமன்றத்துக்கு எதிரே பகவான்தாஸ் சாலையில் உள்ள சர்வதேசச் சட்டச் சங்கத்தின் நூலகத்தில் ஒரு வாரம் உட்காருங்கள். படையின் சட்டப் பிரிவில் சேர எண்ணமிருந்தால், சட்டப் பட்டத்தில் 55 விழுக்காடு வேண்டும் என்பதை இப்போதே மனதில் வையுங்கள்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், அனுமதி எதுவும் தேவைப்படாத செஞ்சிலுவைச் சின்னக் கணக்கெடுப்பிலிருந்து. வரும் சனிக்கிழமையே ஆகலாம். வரைபடப் பயிற்சிக்கு இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அவர்களில் ஒருவராவது உங்களோடு எப்போதும் முரண்படுகிறவராக இருக்கட்டும். முகாமுக்கு நான்காம் ஆண்டில் போகலாம்.